தீப்பெட்டிப் படமும் சித்திரப் புத்தகமும்

சித்திரப் புத்தகம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற விஷயம் எனக்குத் தெரியவந்தபோது எனக்கு வயது பதினொன்று. அதற்கு முன்னால் நான் படங்களையே பார்த்ததில்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நாளொன்றுக்குச் சில நூறு படங்களாவது என் கையில் புரண்டிருக்கின்றன. மயில், மான், ரோஜாப்பூ, ஜோடிக் கிளி, பாய்மரக் கப்பல். எல்லாம் ஒரே அளவு, தீப்பெட்டியின் முகத்தளவு. படத்தின் முதுகில் பசை தடவிப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டியது என் வேலை. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். மயிலின் தோகையில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைய கணக்குக் குறைந்துபோகும். “படத்தையா பாக்கே? பெட்டியப் பாருடா!” என்று அம்மா அதட்டுவாள். ஆகவே, படத்தைப் பார்க்காமலே படத்தை ஒட்டுகிற வித்தை எட்டு வயதிலேயே எனக்குக் கைவந்துவிட்டது.

பதினோராவது வயதில் பொருட்காட்சிக்குப் போன இடத்தில், மாஸ்கோவில் அச்சடித்த ஒரு தமிழ்ப் புத்தகத்தை வாத்தியார் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். பக்கம் முழுவதும் படம். ஓரத்தில் நாலு வரி எழுத்து. ஒரு கரடி, ஒரு மர வீடு, வெளியே பனி. அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதை நம்புவதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 1991-இல் சோவியத் நாடே இல்லாமல் போய், அந்தப் புத்தகங்களும் வருவது நின்றன. என் பிரதி மட்டும் இன்னும் இருக்கிறது. அட்டையைத்தான் கரையான் தின்றுவிட்டது.

இதையெல்லாம் கிளறிவிட்டவர் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர். சென்ற கோடை விடுமுறைக்கு முன்னால் வீடு தேடி வந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு அஞ்சு நாள் ஓவிய முகாம் வைக்கப் போறோம். நீங்கதான் திட்டம் போட்டுத் தரணும்.”

“டீச்சர், நான் கதை எழுதுகிறவன். எனக்கு ஒரு பூசணிக்காய்கூட ஒழுங்காக வரைய வராதே!”

“வரையத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் மதுரையிலிருந்து வர்றார். எப்படி வரையறதுன்னு அவர் சொல்லிக் கொடுப்பார். என்னத்தை வரையச் சொல்றதுங்கறதுதான் யாருக்கும் தெரியலை. போன வருஷம் வீடு, மலை, நடுவிலே சூரியன். நாப்பது பிள்ளையும் நாப்பது சூரியன் போட்டுட்டுப் போயிருச்சு. எங்க ஊரிலே மலை எங்கே இருக்கு, சொல்லுங்க?”

கேள்வி நியாயமானது. கரிசல் காட்டில் பிறந்த பிள்ளை எதற்காக இரட்டை மலைக்கு நடுவே சூரியனைக் கட்டி இழுக்க வேண்டும்? யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அலமாரியில் இருந்த சித்திரப் புத்தகங்களை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முகாமின் கதையைச் சொல்வதற்கு முன், எங்கள் வட்டாரத்துக்கும் படத்துக்கும் உள்ள பழைய உறவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத சீமை இது. பயிருக்குத் துரோகம் செய்த அந்த வறட்சியே தீக்குச்சிக்கு நண்பனாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி செய்தால் போதுமா? ஒரு கம்பெனியின் பெட்டிக்கும் இன்னொரு கம்பெனியின் பெட்டிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குப் பெயரைவிடப் படம்தான் அடையாளம். ஆகவே லேபிள் வந்தது; லேபிளுக்காக அச்சகம் வந்தது; லேபிள் அடித்த இயந்திரம் சும்மா இருக்கலாமா என்று காலண்டரும் நாட்குறிப்பும் பாடப் புத்தகமும் வந்தன. பட்டாசுக்கும் அப்படியே. அணில் மார்க், சேவல் மார்க் என்று கேட்டு வாங்கிய தலைமுறைக்கு அணிலையும் சேவலையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு வரைந்த முருகனும் லக்ஷ்மியும் சிவகாசிக் கல்லச்சிலிருந்து புறப்பட்டு, எந்தெந்த ஊர்ச் சுவரிலோ குடியேறினார்கள். 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் ஆரம்பித்து, மேல்நாட்டுத் துப்பறிவாளர்களைத் தமிழ் பேச வைத்தது சிவகாசிக் குடும்பம் ஒன்றுதான். ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று பட்டமும் கிடைத்தது.

இவ்வளவு படத்தை நாட்டுக்கு அனுப்பிய சீமையில் குழந்தைகளின் கைக்குப் படம் எப்படி வந்து சேர்ந்தது? லேபிளாகத்தான் வந்தது. விடியற்காலையில் ஆபீஸ் வண்டி கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர், ஆபீஸுக்குப் போகிறாள் என்றால் வெளியூர்க்காரர்கள் நாற்காலியையும் மேஜையையும் நினைத்துக்கொள்வார்கள்.) போகாத பிள்ளைகள் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டும். 1986-இல் சட்டம் வந்தது. 1990-இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஒரு செய்திப்படம் எடுத்தார். எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்து, ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் பலன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதைப் பற்றி இப்போது வருத்தப்பட்டு ஆவதென்ன!

முகாமுக்கு வருகிறேன். முதல் நாளைக்கு நான் தேர்ந்தெடுத்தது எரிக் கார்ல் என்ற அமெரிக்க ஓவியரின் கம்பளிப்புழுப் புத்தகம். 1969-இல் வந்தது. புழு பழம் பழமாகத் தின்றுகொண்டே போகிறது. தின்ற இடத்திலெல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை. இந்த ஓட்டைகளைப் போட்டு, பக்கங்களை வெவ்வேறு அகலத்தில் வெட்டிக் கட்டுப்படியாகிற விலையில் அச்சடித்துக் கொடுக்க அன்று அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லையாம். பதிப்பாசிரியை ஜப்பானுக்குப் போய்த்தான் அச்சகம் பிடித்தார். பெரிய ஜப்பான் செய்ததைக் குட்டி ஜப்பானின் பிள்ளைகள் செய்து பார்க்கட்டுமே என்று எனக்கு ஓர் அசட்டு ஆசை.

திட்டம் அழகாகத்தான் இருந்தது. புத்தகத்தைக் காட்டினேன், கதையைச் சொன்னேன், சுவரில் சாய்த்து வைத்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது என் எதிரில் நாற்பது கம்பளிப்புழுக்கள் கிடந்தன. எல்லாம் பச்சை உடம்பு, சிவப்புத் தலை. எல்லாம் இடமிருந்து வலமாகப் போயின. போன வருஷத்து நாற்பது சூரியன் இந்த வருஷம் நாற்பது புழுவாக அவதாரம் எடுத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பையன் தன் புழுவைக் கொண்டுவந்து காட்டி, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டான். மிகவும் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் சின்ன வயதில் அப்படித்தான் ‘சரியாக’ ஒட்டினேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வியன்னா நகரத்தில் ஃபிரான்ஸ் சிஸெக் என்பவர் 1897-இல் குழந்தைகளுக்கென்றே ஓவிய வகுப்பு ஆரம்பித்தாரே, அவர் நினைவுக்கு வந்தார். பெரியவர்களின் சித்திரத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிற வேலையை அந்த வகுப்பிலிருந்து ஒழித்துக்கட்டியதுதான் அவர் செய்த புரட்சி. நம் நாட்டிலும் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி ஆரம்பித்து, அடுத்த வருஷமே அதை உலகப் போட்டியாக்கினார். எட்டு வருஷம் கழித்து அவரே குழந்தைகள் புத்தக டிரஸ்டையும் ஆரம்பித்தார். குழந்தை வரைவதும் குழந்தைக்காகப் படம் அச்சடிப்பதும் ஒரே மனுஷரின் இரண்டு வேலைகளாக இருந்தன என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. புத்தகத்தில் நான் என்ன தவறு செய்தேன்? அது வரைந்து காட்டிய படத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அதை வரைந்தவன் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியைக் கொடுக்கவில்லை. எரிக் கார்ல் காகிதம் துளைக்கிற கருவியால் தாளில் துளை போட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது, இந்தத் துளையை யார் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார், புழு வந்தது. எங்கள் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள்.

மறுநாள் புத்தகத்தைக் காட்டிவிட்டு மூடி வைத்துவிட்டேன். அன்றைய புத்தகம் லியோ லியோன்னி 1959-இல் வெளியிட்ட நீலமும் மஞ்சளும் பற்றிய கதை. ரயிலில் பேரக் குழந்தைகள் இரண்டும் ரகளை செய்யவே, கையிலிருந்த பத்திரிகையைக் கிழித்து வட்டத் துண்டுகளாக்கி, இது நீலம், இது மஞ்சள், இரண்டும் கட்டிக்கொண்டால் பச்சை என்று ஒரு தாத்தா கதை கட்டினார். அந்தத் துண்டுகளே புத்தகமாயிற்று. கிழிப்பதற்குக் காகிதமா எங்கள் பக்கத்தில் பஞ்சம்? சிவகாசி அச்சகங்களில் கத்தரித்துப் போட்ட ஓரத் துண்டுகள் ஒரு மூட்டை வந்து இறங்கியது. ஒரு பையன் எழுந்து, “சார், பச்சைக்குன்னு தனி மை கிடையாது. நீலத்து மேலே மஞ்சள் ஓடினா பச்சை. எங்க மாமா மிஷின்லே அப்படித்தான்” என்றான். மதுரைத் தம்பி வாயடைத்துப் போனார். லியோன்னி ரயிலில் கண்டுபிடித்ததை இந்தப் பையன் மாமாவுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் கண்டுபிடித்திருந்தான். அன்று நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதமாகக் கிழித்தார்கள். சத்தம்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சென்னை தாரா பதிப்பகம் 2006-இல் வெளியிட்ட மரங்களின் இரவு பற்றிய புத்தகம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்தது. கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்டது. கறுப்புத் தாள் என்றதும் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். கறுப்பு மண்ணிலே நின்றுகொண்டு கறுப்பைப் பழிக்கலாமா? ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருக்கிறது. வெளியே பனையும் உடையும் நிற்கின்றன. ராத்திரியில் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்டு அனுப்பினேன். சாயங்காலம் வைப்பாற்றங்கரை மேட்டுப் பக்கம் நடந்தோம். 2022 முதல் தொல்லியல் துறையார் அங்கே தோண்டி, திமிலுள்ள சுடுமண் காளையையும், சங்கு வளையலையும், கண்ணாடி மணிகளையும், பிள்ளைகள் விளையாடின வட்டச் சில்லுகளையும் எடுத்திருக்கிறார்கள். சில்லு என்றதும் எங்கள் பெண் பிள்ளைகள் அங்கேயே கோடு கிழித்துப் பாண்டி ஆடத் தொடங்கிவிட்டார்கள். நான் தயார் செய்துவைத்திருந்த சிறு பிரசங்கம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

கடைசி இரண்டு நாளுக்கு ஒரு கிழவரை நம்பியிருந்தேன். அவர் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

யான் ஆமோஸ் கொமீனியஸ் 1592-இல் மொராவியாவில் பிறந்தவர். பாதிரியார், பள்ளி ஆசிரியர். முப்பது வருஷ யுத்தம் அவரை நாட்டை விட்டே துரத்தியது. முதல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. போலந்தில் லெஷ்னோ என்ற ஊரில் அடைக்கலம் புகுந்தார். 1656-இல் அந்த ஊரும் எரிந்து, பல வருஷமாக எழுதி வைத்திருந்த கைப்பிரதிகள் சாம்பலாயின. அப்படிப்பட்ட மனிதர், குழந்தைகள் அடிக்குப் பயந்து லத்தீன் வார்த்தைகளை உருப்போடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், வார்த்தைக்குப் பக்கத்தில் பொருளையே காட்டிவிட்டால் என்ன என்று நினைத்தார். ஹங்கேரியில் இருந்தபோதே புத்தகத்தை எழுதிவிட்டார். ஆனால் மரக்கட்டையில் படம் செதுக்க அங்கே ஆள் அகப்படவில்லை. எழுத்து தயார், படம் இல்லை. கடைசியில் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் 1658-இல் புத்தகம் வெளிவந்தது. அப்போது மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’, அதாவது படத்தில் உலகம், என்பது அதன் பெயர். குழந்தைகளுக்கென்று அச்சான சித்திரப் புத்தகங்களில் இதைத்தான் முதல் வரிசையில் வைக்கிறார்கள்.

அதில் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, எழுத்துக்களை அது அறிமுகப்படுத்துகிற முறை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பிராணி அல்லது ஒரு சத்தம். முதல் எழுத்துக்குக் காக்கை. பள்ளிக்கூடத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்து கத்துகிற அதே காக்கைதான் பாடப் புத்தகத்தின் முதல் வாத்தியார். இரண்டாவது தந்திரம் இன்னும் அழகானது. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பொடியாக ஓர் எண் இருக்கும். கீழே அதே எண்ணோடு அதன் பெயர் இருக்கும். குழந்தையின் விரல் படத்துக்கும் வார்த்தைக்கும் போய்ப் போய் வரும். கடவுளும் சூரியனும் மட்டும் அந்த உலகத்தில் இல்லை. ரொட்டி சுடுகிறவன், செருப்புத் தைக்கிறவன், அச்சுக் கோக்கிறவன், புத்தகம் கட்டுகிறவன் எல்லாரும் தங்கள் கருவிகளோடு எண் போட்டு நிற்கிறார்கள். பிழைப்பதற்குச் செய்கிற வேலை குழந்தையின் புத்தகத்தில் இடம்பெறத் தகாதது என்று அந்தக் கிழவர் நினைக்கவில்லை.

ஆகவே, பிள்ளைகள் தாங்களே ஓர் எழுத்துப் புத்தகம் செய்ய வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஊரில் கண்ணால் பார்த்த பொருள் ஒன்று. படத்தில் எண் போட்டுக் கீழே பெயர் எழுத வேண்டும் என்பது திட்டம். சீட்டுக் குலுக்கி எழுத்துக்களைப் பிரித்துக் கொடுத்தோம். க-வுக்குக் கருவேலம். ச-வுக்குச் சேவல், அட்டைப் பெட்டியில் இருக்கிற அதே தோரணையில். த-வுக்குத் திரி. வ-வுக்கு வைப்பாறு, தண்ணீர் இல்லாமல் மணலாகவே வரைந்திருந்தது, சத்தியமான படம்.

ம ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு விழுந்தது. அவள் ‘மருந்து’ என்று தலைப்பு எழுதினாள். படத்தில் ஓர் ஆள் நிற்கிறான். முகம், கழுத்து, கை எல்லாம் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துச் சாம்பல் நிறமாகப் பளபளத்தது. மதுரைத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “இது ரோபோவாம்மா? மருந்துன்னு எழுதியிருக்கியே, மாத்திரை பாட்டில் எங்கே?” என்று கேட்டார். சுற்றியிருந்த பிள்ளைகள் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். நோய்க்குச் சாப்பிடுவது இரண்டாவது அர்த்தம். அலுமினியப் பொடி கலக்கிற அறையில் வேலை பார்க்கிறவர்கள் சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது அந்த நிறத்தில்தான் இருப்பார்கள்.

எனக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். இந்த ஊர்ப் பெயர்களை எங்கள் வட்டாரத்தில் தேதியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அச்சங்குளத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இந்தப் பெண்ணிடம் எதையாவது கேட்டு, எதாவது கிளம்பிவிட்டால் என்ன செய்வது? டீச்சர் என்னைப் பார்த்தார். “வேறே ம சொல்லிருவோமா அண்ணாச்சி? மாம்பழம்னு...” என்று மெல்லக் கேட்டார். ஆறு மாதம் யோசித்திருந்தாலும் இதற்கு எனக்கு விடை கிடைத்திருக்காது. நல்லவேளை, அந்தப் பெண் எங்களைக் கவனிக்கவே இல்லை. எண் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

1. அப்பா. 2. சைக்கிள். 3. தூக்குவாளி. 4. தொட்டி. 5. சோப்பு.

“சோப்பு எதுக்கும்மா?” என்றேன்.

“அப்பா வந்ததும் குளிப்பாங்க சார். குளிக்கிறதுக்கு முன்னாடி எங்களைத் தொட மாட்டாங்க.”

மாம்பழப் பேச்சை டீச்சர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் சிவகாசியிலிருந்து பைண்டிங் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, எல்லாத் தாளையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தார். அவரும் சின்ன வயதில் லேபிள் ஒட்டினவராம். தைத்து முடித்த பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் ஒவ்வொன்றாகப் புரட்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ம பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், இங்கே ஆறுன்னு ஒரு நம்பர் ஆகாசத்திலே கிடக்கு. கீழே பேரைக் காணமே?”

நான் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவள் ஒரு காலில் நின்று பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

“அது இன்னும் யோசிக்கலை சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.